தலைக்கு வந்தது முழங்காலுக்குப் போகிறது

2018 செப்டம்பர் 23. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கும் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணிக்கும் ஆட்டம். ரைடர்ஸின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துகிறவர், டெரெக் காரை டால்ஃபின்ஸின் வில்லியம் ஹேய்ஸ் எட்டிப் பிடித்துச் சாய்க்கிறார். சாய்க்கும்போதே, தன் எடை முழுவதும் கார் மேல் இறங்கிவிடக் கூடாது என்று உடம்பைத் திருப்பப் பார்க்கிறார். கால் தரையில் சிக்கிக்கொண்டது. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்து, அந்த சீசன் அவருக்கு அன்றோடு முடிந்தது.

அவர் உடம்பைத் திருப்பியதற்குக் காரணம் ஒரு விதி. முந்தைய ஆண்டு அக்டோபரில், மின்னசோட்டாவின் ஆண்டனி பார் சாய்த்து மேலே விழுந்ததில் கிரீன் பே அணியின் ஆரன் ராட்ஜர்ஸுக்குக் காறை எலும்பு முறிந்தது. லீக்கின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் பல வாரம் ஆட முடியவில்லை. அதற்கு அடுத்த சீசனில், குவாட்டர்பேக்கைச் சாய்ப்பவர் தன் முழு எடையையும் அவர் மேல் போட்டு விழக் கூடாது என்பதை நடுவர்கள் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹேய்ஸ் அந்த விதிக்குக் கட்டுப்பட்டார். அதனால் கார் காயமில்லாமல் எழுந்தார், ஹேய்ஸ் எழவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் பாதுகாப்பு விதி பற்றிய பேச்சு எப்போது வந்தாலும் எனக்கு ஹேய்ஸின் ஞாபகம் வரும். விதி வேண்டுமா வேண்டாமா என்றுதான் பெரும்பாலும் சண்டை போடுகிறார்கள். ஒரு விதி காயத்தைக் குறைக்கிறதா, இல்லை ஒருவர் உடம்பிலிருந்து எடுத்து இன்னொருவர் உடம்பில் வைக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க விரும்புகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பந்து வைத்திருப்பவரைத் தரையில் சாய்ப்பதற்குப் பெயர் டேக்கிள். பெரும்பாலும் அது நடந்தால்தான் அவருடைய முன்னேற்றம் நிற்கும். ஆகவே டேக்கிள் என்பது ஆட்டத்தின் ஓரத்தில் நடக்கும் முரட்டுத்தனம் அல்ல, ஆட்டமே அதுதான். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுகிறார்கள். தவறாக மோதினால் நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார். கடுமையான தவறுக்கு அணி 15 யார்டு தூரத்தை இழக்கும், வாரக் கடைசியில் லீக்கிடமிருந்து அபராதமும் வரும்.

2024 மார்ச்சில் லீக் தடை செய்தது ‘ஹிப் டிராப்’ என்ற டேக்கிளை. ஓடுகிறவரை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, தன் காலைத் தரையிலிருந்து எடுத்துத் தொப்பென்று கீழே விழுவார் பிடித்தவர். அந்த எடை ஓடுகிறவரின் முழங்காலுக்குக் கீழே போய் விழுந்து காலை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். கணுக்கால் திரும்ப இடமில்லாமல் நசுங்கும். 2023 ஜனவரியில் டாலஸின் டோனி பொலார்டுக்கு இப்படித்தான் கால் முறிந்தது. அதே ஆண்டு நவம்பரில் பால்டிமோரின் மார்க் ஆண்ட்ரூஸ் இப்படி விழுந்து, வழக்கமான சீசன் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தார். இந்த டேக்கிளின் பெயர் ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக்கிலிருந்து வந்தது, அங்கே இதற்கு முன்பே தடை உண்டு.

லீக் சொன்ன கணக்கு இது: 2023 சீசனில் இப்படிப்பட்ட டேக்கிள் 230 தடவை நடந்தது, மற்ற டேக்கிள்களைவிட இதில் காயம் ஏற்படும் விகிதம் 20 மடங்குக்கும் மேல். அந்த எண்ணைக் கேட்ட பிறகு தடையை எதிர்ப்பது கஷ்டம். ஆனாலும் வீரர்கள் சங்கம் எதிர்த்தது. விதி எல்லோரையும் குழப்பும், நடுவரால் நொடிப்பொழுதில் பிரித்துப் பார்க்க முடியாது என்றது. காயப்படுகிறவர்களின் சங்கமே காயத்தைத் தடுக்கும் விதியை எதிர்ப்பதா என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பின்னாலிருந்து துரத்தி வருகிறவர் தன்னைவிடப் பெரிய ஆளை நிறுத்தியாக வேண்டும். தலையால் மோதக் கூடாது. எதிராளியின் தலையைத் தொடக் கூடாது. கழுத்துப் பக்கம் சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இப்போது தன் எடையைக் கொண்டு இழுத்து வீழ்த்தவும் கூடாது. “அப்புறம் நாங்கள் எதைப் பிடிப்பது?” என்று பாதுகாப்பு வரிசை வீரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆனது? தடை வந்த முதல் சீசனில் மைதானத்தில் இதற்காகக் கொடி பறந்ததே அபூர்வம். பெரும்பாலும் ஆட்டம் முடிந்த பிறகு, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அபராதக் கடிதம் அனுப்பினார்கள். நடுவரால் கண்ணால் பிடிக்க முடியாது என்று சங்கம் சொன்னது ஓரளவு உண்மைதான் என்று தெரிந்தது. அதற்காக விதி வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இதற்கு முன்னோடி ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பரில் டாலஸின் ராய் வில்லியம்ஸ், ஃபிலடெல்ஃபியாவின் டெரல் ஓவன்ஸைப் பின்னாலிருந்து தோள்கவசத்தின் கழுத்துப் பக்கம் கைவிட்டு இழுத்துச் சாய்த்தார். ஓவன்ஸுக்குக் கால் எலும்பு முறிந்தது. அந்த சீசனில் வில்லியம்ஸின் அதே பிடியில் காயப்பட்டவர்கள் வேறு சிலரும் உண்டு. 2005-ல் லீக் அந்தப் பிடியைத் தடை செய்தது. இனி யாரையும் துரத்திப் பிடிக்கவே முடியாது என்று அப்போதும் புலம்பினார்கள். இன்று அந்தப் பிடி திரும்ப வேண்டும் என்று கேட்க யாரும் இல்லை. வேறு விதமாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

சரி, அப்படியானால் எல்லா விதிகளும் காலப்போக்கில் பழகிவிடும் என்று விட்டுவிடலாமா? விட முடியாது என்பதற்கு 2013 சாட்சி.

2010 அக்டோபர் 17 அன்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தலையைக் குறிவைத்த பயங்கர மோதல்கள் பல நடந்தன. லீக் உடனே பெரிய அபராதங்களை விதித்தது. பிட்ஸ்பர்கின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு மட்டும் 75,000 டாலர். பந்தைப் பிடிக்க எம்பி நிற்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரின் தலையிலோ கழுத்திலோ மோதினால் இனி சும்மா விடமாட்டோம் என்றார்கள். நல்ல முடிவுதான். ஆனால் இளம் வீரர்கள் அதிலிருந்து கற்ற பாடம் வேறு: மேலே மோதினால் அபராதம், அதனால் கீழே மோது. 2013 ஆகஸ்டில் நடந்த ஒரு முன்னோட்ட ஆட்டத்தில் ஹூஸ்டனின் புதுமுகம் டி.ஜே. ஸ்வேரிஞ்சர் நேராகப் போய் மயாமியின் டஸ்டின் கெல்லரின் முழங்காலில் மோதினார். மூட்டு நிலைகுலைந்து, ஜவ்வுகள் கிழிந்தன. கெல்லர் அதன் பிறகு லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இன்றைய விதிகள் இருக்கும்போது கீழே போவதைத் தவிர வழியில்லை என்று ஸ்வேரிஞ்சர் சொன்னார். அந்த மோதலுக்குக் கொடி வீசப்படவில்லை, விதியில் அதற்கு இடமும் இல்லை.

தலையா முழங்காலா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், முழங்காலை விட்டுத் தலையைக் காப்பாற்று என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பல வீரர்கள் அன்று நேர்மாறாகச் சொன்னார்கள். தலையில் அடிபட்டால் இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடலாம், முழங்கால் போனால் வேலையே போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. தலையில் பட்ட அடியின் முழு விலை இருபது ஆண்டு கழித்துத்தான் வந்து நிற்கும் என்பதை அவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது இந்த விவகாரத்திலேயே மிகவும் வேதனையான கதை.

மைக் வெப்ஸ்டர் பிட்ஸ்பர்க் அணிக்காகப் பந்தயங்களை வென்று கொடுத்த சென்டர். வரிசையின் நடுவில் நின்று, ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் எதிரே நிற்பவரோடு முட்டுவதுதான் அவர் வேலை. ஓய்வுக்குப் பின் நினைவு தப்பி, வீடின்றிச் சில காலம் வண்டியிலேயே படுத்துத் தூங்கி, 2002-ல் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்கில் அவர் உடலைப் பரிசோதித்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, டாவ் என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. சி.டி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மூளைச்சிதைவு அது. குத்துச்சண்டை வீரர்களிடம் முன்பே அறியப்பட்டிருந்த நோய். 2005-ல் ஒமாலு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். லீக்கின் மூளைக்காயக் குழுவைச் சேர்ந்த மருத்துவர்கள், அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அந்த ஆய்விதழுக்கே எழுதினார்கள். 1994-ல் அமைக்கப்பட்ட அந்தக் குழுவுக்குப் பல ஆண்டு தலைமை தாங்கியவர் ஒரு மூட்டுவாத நோய் மருத்துவர். மூளை பற்றிய குழுவுக்கு மூட்டு மருத்துவர் தலைவர் என்பது ஒன்றே, லீக் இதை எவ்வளவு பொறுப்பாக எடுத்துக்கொண்டது என்று காட்டிவிடுகிறது.

2011-ல் முன்னாள் வீரர் டேவ் டூர்சன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி எழுதி வைத்திருந்தார். ஆராய்ந்ததில் அதே நோய். ஓய்வுபெற்ற வீரர்கள் உடல்குறைவுக்காக உதவித்தொகை கேட்டு அனுப்பும் மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவில் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அடுத்த ஆண்டு இன்னொரு முன்னாள் வீரர் ஜூனியர் சேயாவ் இறந்தார், அவருக்கும் அதே. ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2013-ல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் என்று அறிவித்தார்கள், பிறகு நீதிமன்றத் தலையீட்டில் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தைப் பங்கிடும்போதும் ஓர் அநியாயம் நடந்தது. அறிவுத்திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கிடுகையில், கறுப்பின வீரர்களுக்கு ஆரம்ப நிலையே குறைவு என்று வைத்துக்கொள்ளும் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். அதனால் அவர்கள் இழப்பீடு பெறுவது கடினமானது. இரண்டு கறுப்பின வீரர்கள் நீதிமன்றம் போய், அது வெளியே வந்து நாறிய பிறகுதான், 2021-ல் அதைக் கைவிடுவதாக லீக் சொன்னது.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட கணக்கில், பரிசோதித்த 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இருந்தது. இந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். அறிகுறிகளைப் பார்த்துப் பயந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையை தானம் கொடுக்கின்றன. அதனால் ஆடிய எல்லோருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும்போது இந்த நோயை உறுதிசெய்யும் சோதனையும் இல்லை. ஆனால் அதே குழுவினர் 2023-ல் 631 முன்னாள் வீரர்களின் மூளைகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு விதிகளைப் பற்றிய நம் பார்வையையே மாற்ற வேண்டியது. நோயை முன்கூட்டிக் காட்டுவது மூளையதிர்ச்சிகளின் எண்ணிக்கை அல்ல. ஆண்டுக்கணக்கில் தலை வாங்கிய எல்லா அடிகளின் மொத்த வலுதான் என்றது அது. மயக்கம் வராத, வலி தெரியாத, யாரும் கவனிக்காத சின்னச் சின்ன முட்டல்களும் அந்தக் கணக்கில் சேரும்.

இதனால்தான் ‘பயங்கர மோதல்’ வீடியோக்களை வைத்து நடக்கும் விவாதம் எனக்குப் போதவில்லை. வெப்ஸ்டர் டேக்கிள் செய்கிறவரே அல்ல. அவர் வாங்கிய அடிகளில் பெரும்பாலானவை விதிக்கு உட்பட்டவை.

விதியால் ஆட்டத்தைத் திருத்தவே முடியாது என்று நினைக்க வேண்டியதில்லை. வரலாறு அதற்கு எதிராக இருக்கிறது. 1905-ல் கல்லூரி, பள்ளி மைதானங்களில் குறைந்தது 18 பேர் இறந்தார்கள். அப்போது பந்தை முன்னோக்கி வீச அனுமதி இல்லை. எல்லோரும் கும்பலாக நெருக்கி முட்டித் தள்ளுவதுதான் ஆட்டம். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-ல் பந்தை முன்னோக்கி வீசலாம் என்று விதி வந்தது, ஆட்டம் மைதானம் முழுக்க விரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, யாரையும் பார்த்து “மெதுவாக மோது” என்று சொல்லவில்லை. கும்பல் சேரவேண்டிய தேவையையே குறைத்தார்கள். இன்று நாம் காணும் ஆட்டம் பிறந்ததே ஒரு பாதுகாப்பு விதியிலிருந்துதான். இந்த விதிகள் ஆட்டத்தைக் கெடுக்கின்றன என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மோதும் விதத்தைத் திருத்தி வெற்றி பெற்ற விதியும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். தோல் ஹெல்மெட் போய் கெட்டியான பிளாஸ்டிக் ஹெல்மெட்டும் முகக்கம்பியும் வந்த பிறகு, தலையையே ஈட்டி மாதிரி நீட்டி மோதலாம் என்ற தைரியம் பையன்களுக்கு வந்தது. பயிற்சியாளர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1968-ல் மட்டும் 36 பேர் இறந்தார்கள். கழுத்தெலும்பு நொறுங்கி உடம்பு செயலிழந்தவர்கள் தனி. எலும்பு மருத்துவர் ஜோசப் டார்க் அந்தக் காயங்களைத் திரட்டி, குனிந்த தலையின் உச்சியால் மோதும்போது கழுத்து நேர்கோடாகி எல்லா வலுவையும் தாங்குகிறது என்று காட்டினார். 1976-ல் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தலையால் மோதுவதைத் தடை செய்தார்கள். அந்த ஆண்டு கழுத்துக்குக் கீழ் கைகால் செயலிழந்தவர்கள் 34 பேர். 1984-ல் 5 பேர். நடுவர்கள் கொடி வீசியதால் மட்டும் இது நடக்கவில்லை. பள்ளிப் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கும் விதத்தையே மாற்றினார்கள். பன்னிரண்டு வயதில் தலை நிமிர்த்தி மோதக் கற்றவனுக்கு இருபத்தைந்து வயதில் நொடிப்பொழுதில் யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஹேய்ஸுக்கு அந்த அவகாசம் யாரும் கொடுக்கவில்லை.

என்.எஃப்.எல். செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கிக்காஃப், அதாவது ஆட்டத்தைத் தொடங்க ஓர் அணி பந்தை எதிரணியிடம் உதைத்து அனுப்பும் கட்டம். முன்பு ஓர் அணி பந்தை உதைத்துவிட்டு நாற்பது ஐம்பது யார்டு முழு வேகத்தில் ஓடிவரும், எதிரணி அதேபோல் எதிரே ஓடிவரும். ஆட்டத்திலேயே ஆபத்தான கட்டம் அது. 2024 முதல் உதைப்பவரைத் தவிர அவர் அணியின் மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் நிற்கிறார்கள். அவர்களைத் தடுக்கிறவர்களும் ஐந்து யார்டு தள்ளித்தான். பந்து தரையைத் தொடும்வரை அல்லது யாராவது பிடிக்கும்வரை அவர்கள் யாரும் நகரக் கூடாது. ஓடுவதற்கு இடமே இல்லாதபோது வேகம் எங்கிருந்து வரும்? அந்த சீசனில் பந்தை எடுத்து ஓடுவது அதிகரித்தது, கிக்காஃபில் மூளையதிர்ச்சியோ குறைந்தது. லீக்கின் கணக்குப்படி அந்த ஆண்டு மொத்த மூளையதிர்ச்சி 182. முந்தைய ஆண்டைவிட 17 சதவீதம் குறைவு. லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்தில், சீசன் நடுவே கவசம் போட்டு முட்டிப் பயிற்சி செய்வதை 14 நாட்களுக்குள் சுருக்கினார்கள். தொலைக்காட்சியில் யாரும் பார்க்காத சீர்திருத்தம் அது. அந்த நாட்களில் தவிர்க்கப்பட்ட முட்டல்கள்தான் 2023 ஆய்வு சொன்ன மொத்தக் கணக்கைக் குறைப்பவை.

காகிதத்தில் நல்ல விதி இருந்தாலும் போதாது என்று காட்டியது 2022. செப்டம்பர் 25 அன்று மயாமியின் குவாட்டர்பேக் டுவா டாகோவைலோவாவின் தலை தரையில் மோதியது, எழுந்து தள்ளாடினார். முதுகு வலி என்று காரணம் சொல்லி அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கினார்கள். நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை ஆட்டத்தில், மறுபடி தலை மோதி விரல்கள் விறைத்துக்கொள்ள, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அதன் பிறகு, தள்ளாட்டம் தெரிந்தாலே அன்று ஆட்டம் இல்லை என்று விதியில் சேர்த்தார்கள். அவர் தள்ளாடியதைப் பார்த்த சாதாரண ரசிகர்களுக்கு அதைச் சொல்ல விதிப்புத்தகம் தேவைப்படவில்லை.

நான்கு நாள் இடைவெளி என்பதை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை ஆட்டங்கள் தொலைக்காட்சிப் பணத்துக்காக வந்தவை. 2021-ல் சீசன் 16 ஆட்டத்திலிருந்து 17 ஆனது. மைதானங்களில் ஏறக்குறைய பாதி செயற்கைப் புல். இயற்கைப் புல் போடுங்கள், கால் சிக்கி முறுகுவது குறையும் என்று சங்கம் பல ஆண்டாகக் கேட்கிறது. காயத்துக்கும் தரைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு தெளிவில்லை என்று லீக் பதில் சொல்கிறது. ஆனால் 2026 உலகக் கோப்பைக்கு இயற்கைப் புல்தான் வேண்டும் என்று ஃபிஃபா சொன்னவுடன், அதே மைதானங்கள் புல் போட வழி கண்டுபிடித்தன. வீரர்கள் இதைச் சுட்டிக்காட்டிக் கோபப்படுகிறார்கள், கோபப்பட வேண்டியதுதான்.

இப்போது 18-வது ஆட்டத்தைப் பற்றி லீக் தலைவர் ராஜர் குடெல் பேசிவருகிறார். 2020-ல் போட்ட ஒப்பந்தம் 2030 சீசன் வரை இருக்கிறது, சங்கம் சம்மதிக்காமல் ஆட்டத்தைக் கூட்ட முடியாது. சம்மதித்தால் பதிலுக்கு எதைக் கேட்பது என்று பேச்சு வரும். பணத்துக்கு முன்னால் புல்லையும், ஓய்வு வாரத்தையும், கவசம் போட்டு முட்டும் பயிற்சியின் குறைப்பையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். வெப்ஸ்டர் நின்ற இடத்தில் இன்று நிற்பவர் ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய அறுபது தடவை குனிந்து எதிராளியோடு முட்டுகிறார். ஆட்டம் ஒன்று கூடினால் இன்னோர் அறுபது. அவற்றில் ஒன்றுக்கும் நடுவர் கொடி வீசப்போவதில்லை.